அந்தக் கை வேணாம், சிஸ்டர்

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதில் எல்லோருக்கும் காது கேளாதவன் மேல்தான் சலிப்பு. கேட்காது என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஊதுகிறானே, அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு எனக்குக் காது போயிற்று. அன்றிலிருந்து என்னைச் சுற்றிச் சங்கு ஊதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் முதல் இடம் என் அம்மாவுக்கு.

அம்மா கீழ்பென்னாத்தூர்க்காரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் இந்த வரப்பிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல். நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அதற்கு முகம் தெரிந்தால் போதும், குரல் வேண்டியதில்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கத்துவதை அவள் விடவில்லை. என்னிடம் அவள் சொல்லும் ரகசியம் எனக்குப் பாதிதான் புரியும், தெருவுக்கு முழுசாகப் புரிந்துவிடும். ஆனால் கையால் மட்டும் பேச மாட்டாள். கையை ஆட்டிப் பேசப் பழக்கினால் பிள்ளைக்கு வாய்ப்பேச்சு மறந்துபோகும் என்று என் சின்ன வயதில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்று பிடித்த விரதம், எனக்குக் கல்யாணமாகியும் முடியவில்லை.

சைகையை நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பள்ளியில் கற்றேன். என் கணவருக்கும் காது கேட்காது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில் ரொட்டி சுடுகிறார். அங்கே வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, எல்லாவற்றையும் கை காட்டித்தான் கேட்பார்கள். அந்தக் கடையில் அவர்களோடு சிரமமில்லாமல் பேசுகிற ஒரே ஆள் இவர்தான். இவருடைய அம்மாவான என் அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். மகனுக்காகக் கையால் பேசக் கற்றுக்கொண்டவர். அவர் கையின் வேகத்துக்கு நானே சில நேரம் "மெதுவா அத்த" என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

நான் உண்டானதும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினோம். முதல் நாளே என் சீட்டின் மேல் 'காது கேட்காது' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைப் படித்த ஒவ்வொருவரும் மாஸ்க்கைக் கழற்றாமலே கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். கத்தி ஓய்ந்ததும் என் அம்மா பக்கம் திரும்பி, "இவங்களுக்கு சுகர் இருக்காம்மா?" என்று கேட்டார்களாம். என் சர்க்கரை என்னுடையது, பதில் மட்டும் அம்மாவுடையது.

டாக்டரம்மா வேறு மாதிரி. மாஸ்க்கைக் கீழே இறக்கினார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "பிரசவத்தப்ப உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். ஒரு ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை. பிறகு கூச்சம் விட்டுக் கேட்டேன். பேசுகிறவர் முகம் எனக்குத் தெரிய வேண்டும், என்னைத் தொடுவதற்கு முன்னால் கண்ணெதிரே வந்து சொல்லிவிட்டுத் தொட வேண்டும். டிரிப்ஸ் ஊசியை வலது கையில் குத்தக் கூடாது, எனக்கு அது பேசுகிற கை. எல்லாவற்றுக்கும் மேலே, சைகை தெரிந்த ஒருவர் கடைசி வரைக்கும் கூட இருக்க வேண்டும்.

"தாராளமா" என்றார். "ஆனா உள்ள ஒருத்தர்தான் வரலாம். அதுவும் லேடீஸ்தான். வேற பொம்பளைங்களும் பிரசவத்துக்குப் படுத்திருப்பாங்க இல்ல?"

நியாயமான பேச்சு. என் கணவருக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. பாக்கி இருந்தது இரண்டு அம்மாக்கள், அதில் ஒருவர்தான் உள்ளே வர முடியும்.

முதல் பிரசவம் பிறந்த வீட்டுப் பொறுப்பு. வளைகாப்பு போட்டு அழைத்துப் போவதும், பிரசவ அறையில் பக்கத்தில் நிற்பதும் பெற்றவளின் உரிமை. எங்கள் பக்கம் இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. வளைகாப்பு முடிந்து நானும் கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டேன். ஒரு நாள் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அம்மா, உள்ள அத்த வரட்டும்."

அம்மாவின் கை நின்றது. "பெத்தவ நான் இருக்கும்போது மாமியாளா? ஊரு என்னா சொல்லும்? எம் பொண்ணு வலியில துடிக்கிறப்ப நான் வெளிய செவுத்தப் பாத்துக்கினு நிக்கணுமா?"

"வலி வந்தா உன் ஒதட்டப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்களோடு சண்டை என்றால் பேசாமல் இருந்து காட்ட வேண்டும். என்னோடு சண்டை போடுவது சுலபம், முகத்தைத் திருப்பினாலே போதும். ரொம்ப நேரம் எனக்கு அவள் கொண்டைதான் தெரிந்தது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் மாற்றிச் சொல்லவில்லை. பயம். பள்ளியில் என்னோடு படித்த ஒருத்திக்குத் தனக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்பதே, கண் விழித்து வயிற்றில் கட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். என் பிள்ளை என் உடம்பிலிருந்து வரப்போகிறது, அந்த நேரத்தில் அங்கே நடப்பது எனக்கு மட்டும் தெரியாமல் போய்விடக் கூடாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே.

டாக்டர் சொன்ன தேதி பௌர்ணமியை ஒட்டி வந்தது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது என்பதால், முன்கூட்டியே நானும் அம்மாவும் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரே சமையலறையில் இரண்டு சம்பந்திகள். "நீங்க உக்காருங்க சம்மந்தி", "இல்ல, நீங்க உக்காருங்க" என்று இருவரும் மரியாதையாகவே மோதிக்கொண்டார்கள். அந்த மோதலில் எனக்கு இரண்டு ரசம் கிடைத்தது. எது நன்றாக இருக்கிறது என்று நான் வாயும் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை.

பௌர்ணமியன்று காலையிலேயே வலி கண்டுவிட்டது. ரோட்டை அடைப்பதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். முன்னறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். அன்று பணியில் இருந்த நர்ஸ் எனக்குப் புதியவர். சட்டென்று என் வலது கையைப் பிடித்து நரம்பு தேடித் தட்டினார். நான் கையை இழுத்தேன். ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார். அத்தை குறுக்கே கை நீட்டினார். வாயாலும் கையாலும் ஒன்றாகவே சொன்னார்.

"அந்தக் கை வேணாம், சிஸ்டர். அது அவ வாயி."

நர்ஸ் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். அசட்டுச் சிரிப்போடு சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். மாஸ்க்கை இறக்கி, "குத்தப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டே குத்தினார். கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்க்கோடு நின்றிருந்த அம்மா என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவ அறைக் கதவு மூடும் வரைக்கும் அவள் கண் அதை விட்டு நகரவில்லை.

உள்ளே போனதும் அத்தை இடம் பிடித்தார். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் கை எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. சொன்னேன், உடனே விளக்கைத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்த ஒவ்வொன்றும் அத்தையின் விரல்கள் வழியாக என்னிடம் வந்துகொண்டே இருந்தது. குழந்தையின் நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம். இப்போது டாக்டர் தொடப் போகிறார். பக்கத்துக் கட்டில்காரி புருஷனைத் திட்டுகிறாள், என்ன திட்டு என்று அப்புறம் சொல்கிறேன். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முக்க வேண்டிய நேரம் வந்ததும் அத்தை இரண்டு முஷ்டியையும் இறுக்கிக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினார். அதைப் பார்த்து நர்ஸும் முஷ்டியை இறுக்கினார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவைத் தவிர எல்லோரும் பல்லைக் கடித்து முஷ்டியை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குப் பிரசவம் யாருக்கு என்றே சந்தேகம் வந்திருக்கும். வழக்கமாக நர்ஸுகள் கத்துவார்களாம், அன்று ஒருவரும் சத்தமே போடவில்லையாம். அத்தனை பேருக்கும் சேர்த்து நான் கத்தினேனாம்.

பிறகு என் மார்பின் மேல் சூடாக, ஈரமாக ஒன்றை வைத்தார்கள். பெண் குழந்தை என்று அத்தை காட்டினார். அழுகிறாள் என்றும் காட்ட வந்தார், அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முதுகில் என் உள்ளங்கை இருந்தது. அந்த அழுகை முழுதும் என் கைக்குள் அதிர்ந்தது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய அழுகை. உலகத்திலேயே சந்தோஷமானவள் நான்தான் என்று அப்போது நினைத்தேன், இன்னும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, பாப்பாவுக்குக் காது கேட்குமா? ஒருவர் கை தட்டினார், ஒருவர் விசில் அடித்தார். பாப்பா திடுக்கிட்டதும் அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு எப்படி இருந்தாலும் சம்மதம்தான். எங்கள் வீட்டில் பேச்சுக்கு என்ன குறைச்சல்?

கடைசியாக அம்மா வந்தாள். தொட்டிலைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். வாயைத் திறக்கவில்லை. கோபம் தீரவில்லை போல என்று நினைத்தேன். வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள். ஒரு விரலால் என்னைச் சுட்டினாள். கையை உதறி, முகத்தைச் சுளித்தாள். கேள்வி என்று காட்டப் புருவத்தை உயர்த்தினால் போதும். அம்மா புருவம், தோள், குதிகால் எல்லாவற்றையும் உயர்த்தினாள்.

உனக்கு வலிக்கிறதா?

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கைகளால் சொன்னார்: "கதவு மூடினதுலேர்ந்து என்னை உட்காரவே விடல. இது எப்படி, அது எப்படின்னு ஒரே பாடம்."

அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள். சொல்ல என்னிடம் ஒரு பாரதமே இருந்தது. அதை ஆரம்பித்தால் இந்த மாணவிக்கு ஒன்றும் பிடிபடாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கடுகளவு இடம் விட்டுக் காட்டினேன். கொஞ்சம்.

அம்மா என் விரல்களைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வார்டு முழுவதற்கும் சொல்லத் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் வாய் அவ்வளவு அகலமாகத் திறந்தது, பக்கவாட்டில் இருந்து பார்த்தும் எனக்கு ஒரு எழுத்து தப்பவில்லை.

"கொஞ்சந்தானாம்! எம் பொண்ணு எங்கிட்ட சொல்றா, கொஞ்சந்தானாம்!"