பங்களா மரமும் எங்கள் லயமும்

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா முன்னால் நின்ற அந்த மரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இலையெல்லாம் முள், குரங்குகூட ஏறாது. தென் அமெரிக்க மரமாம். வாசலில் சீமை மரம் வைப்பது வெள்ளைக்காரன் காலத்து மோகம். பக்கத்து எஸ்டேட் துரை ஒன்று வைத்தால் இந்த எஸ்டேட் துரையும் வைத்தாக வேண்டும். அந்தப் போட்டியில் கப்பலேறி வந்தது. சொந்த ஊரில் வெட்டித் தீர்த்துவிட்டார்களாம், இங்கே கொழுத்து நின்றது. எந்த நாடு, ஏன் வந்தாய் என்று அதை ஒருவரும் கேட்டதில்லை.

நாங்களும் கப்பலில்தான் வந்தோம். இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பிவிட, ‘தாயகம் திரும்பியோர்’ என்று காகிதம் வாங்கிக்கொண்டு, அந்த மரத்துக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேர் ஒண்டினோம். நானும் அம்மாவும் கொழுந்து பறித்தோம், தற்காலிக வேலைதான்.

இரண்டாம் வருடம் லயத்தை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். மரம் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்தால் பின்னால் எங்கள் தகரக் கூரையும் கொடித் துணியும் விழுகிறதாம்!

“சாமி இருக்குற எடத்துல தொரமாரு கை வைக்க மாட்டாங்க. அங்க ரோட்டையே வளைச்சுப் போடல்லியா?” என்றாள் அம்மா. இலங்கைத் தோட்டத்தில் அது நடந்ததுதான். லயத்துப் பெண்கள் எல்லோரும் ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்தோம். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சாமியை மரத்தடியில் வைக்கும் வழக்கப்படி அந்தப் பங்களா மரத்தடியில் நட்டோம். லயத்து வாசலில் நட்டிருக்க வேண்டும். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

மேனேஜர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுவாரம் மரத்தையும் கல்லையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் லயத்தை இடித்தார்கள். வேலையும் அதோடு போயிற்று.

காந்தல் என்ற இடத்தில் ஒரு கொட்டகையில் குடியேறினோம். ஆடி வெள்ளிக்கு அம்மா எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். வேலிக் கதவில் நின்ற வாட்ச்மேன் மரியாதையாகத்தான் பேசினான்.

“ஏனுங்கம்மா, வெளியாளுங்கள உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுங்க. சாமிக்கு எஸ்டேட்லயே பூசை பண்றாங்க.”

“நான் தூக்கிட்டு வந்து வச்ச கல்லுப்பா அது” என்றாள் அம்மா.

அவன் கதவைச் சாத்தினான். நான் ஆத்திரத்தில் வேலியை எட்டி உதைத்தேன். ஊர் வம்புக்கே போகாத அம்மா அன்று என்னைத் தடுக்கவில்லை.