செல் போடாத குடுவை

வேலூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மனித செல்கள் வெளியே விடும் நுண்பைகளுக்கு அடையாளமான ஒரு புரதத்தை ஒரு வருஷமாகத் தேடினேன். ஒருநாள் அது சோதனைப் படலத்தில் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் அப்பாவுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஜூனியர் நஸ்ரின் மட்டும் தயங்கினாள். "அக்கா, செல்லே போடாம, செல் வளக்கற மீடியத்த மட்டும் வெச்சு ஒரு வாட்டி பாக்கலாமா?"

"செல்லே இல்லாததுல இன்னா வரும்?" என்று எரிந்து விழுந்தேன்.

வந்தது. அதே இடத்தில், அதே கறுப்பில்.

நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள்: "செல்லுக்குச் சாப்பாடா மீடியத்துல கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த சீரம் ஊத்தறோமே அக்கா, அதுலயே இருந்திருக்கு."

மாட்டுத்தோல் வாடையிலேயே வளர்ந்தவள் நான். ஒரு வருஷம் என் குடுவையில் இருந்த மாடு எனக்குத் தெரியவில்லை.