வாயை மூடடி

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில், நான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு "வாயை மூடடி" என்பதுதான். கதைத்ததற்காக அல்ல, மூச்சு விட்டதற்காக!

எட்டு வயதில் என் வாய் எந்நேரமும் பாதி திறந்தே இருக்கும். அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. கனடாவிலிருந்த பெரியம்மா, நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாள்?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, என் நாடிக்குக் கீழே கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டார் அம்மா.

அப்பா பதறிவிட்டார். "செத்த ஆக்களுக்கெல்லோ இப்பிடி நாடி கட்டுறது! அவிழப்பா!"

"உங்களுக்கென்ன? நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்?"

அப்பா சப்பாத்தைப் போடப் போய்விட்டார். பின்னேரங்களில் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். என்னைப் பார்க்க ஆளில்லை. கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார்கள். கதவும் பூட்டு, வாயும் பூட்டு. முடிச்சை அவிழ்த்தால் திரும்பக் கட்ட எனக்குத் தெரியாது. மூக்கால் இழுத்தால் காற்று வராது. கடைவாய்ப் பக்கம் துணியை விரலால் நெம்பி, அந்த இடுக்கால் மூச்சு எடுப்பேன். அம்மாவில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பள்ளி விடுமுறை நாளொன்றில், பொலிதேயாமா என்ற இடத்தில் தான் துப்புரவு செய்யும் பல் கிளினிக்குக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனார். டொக்டர் என் முகத்தைக் கண்டதும் கதிரையில் இருத்தினார். மூக்கின் கீழ் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தார். அதில் மூச்சின் ஆவி படியவேயில்லை. என் அண்ணத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இத்தாலியனில் விளக்கத் தொடங்கினார். அம்மாவுக்குச் சமையலறை இத்தாலியன்தான் தெரியும். என் முகத்தின் கதையை நானே தமிழில் சொல்லவேண்டியதாயிற்று.

"மூக்குக்குப் பின்னாலை சதை வளந்து அடைச்சிருக்காம். வாயாலை மூச்சு விடுறதாலை நாக்கு கீழையே கிடக்குதாம். அதாலை அண்ணம் ஒடுங்கி, முகமும் நீண்டுகொண்டு போகுதாம்."

"வாயைக் கட்டிப் பழக்கினால் சரிவராதோ எண்டு கேள்."

கேட்டேன். டொக்டர் கையுறையைக் கழற்றாமல் அம்மாவையே பார்த்தார்.

"மூக்காலை காத்துப் போகாதாம், அம்மா. வாயையும் கட்டினால் பிள்ளை எதாலை மூச்சு விடுறது எண்டு கேக்கிறார்."

அம்மா "ஓம்" என்றார், தமிழிலேயே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு விரலால் தன் மூக்கைப் பொத்தினார். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முன்னாலிருந்த கிழவர் பதறி எழும்பிவிட்டார். அம்மா கையை எடுக்கவில்லை. பயத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, விடுங்கோ!"

வாயை அகலத் திறந்து காற்றை இழுத்தார். மூச்சு அடங்கவே நேரமெடுத்தது.

"இவ்வளவு நேரமே என்னாலை ஏலேல்லை," என்றார். "நீ பின்னேரம் முழுக்க எப்பிடியடி இருந்தனி?"