வாலிபால் பிடித்தவன் கிரிக்கெட்டுக்குக் கை தூக்கிய கதை

மும்பையில் லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை, ஸ்கோர் விசாரிக்கிறார்கள். தாராவியில் நாங்கள் குடியிருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தில் வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். அதனால் காலையில் பல் தேய்த்ததும் நேற்றைய ஆட்டம் என்ன ஆயிற்று என்று போனில் பார்த்து வைத்துக்கொள்வேன். ஆசைப்பட்டு அல்ல, கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான். எங்கள் குடியிருப்புச் சங்கமான சொசைட்டியின் தலைவர் காம்ளே என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தாலும் தெற்கேயிருந்து வந்தவன் என்பதால் அவருக்கு நான் ‘அண்ணா’. சென்னை அணி தோற்ற மறுநாள் என் தோளில் கை வைத்து, “க்யா அண்ணா, தும்ஹாரா வாலா ஹார் கயா”, உன் அணி தோற்றுவிட்டதே என்று துக்கம் விசாரிப்பார். ஜெயித்தால் கை குலுக்குவார். நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். சென்னைக்கு ஒரே ஒருமுறை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். எங்கள் ரயில்கூட அந்த வழியாகப் போவதில்லை. இதை அவருக்கு ஒருநாள் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கவலைப்படாதே, அடுத்த மேட்சில் உன் ஆட்கள் ஜெயிப்பார்கள் என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஊரிலிருந்து வாசிப்பவர்கள் சிரித்தாலும் சரி. எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. ஒருவன் எறிய, ஒருவன் அடிக்க, மீதிப் பேர் வெயிலில் நின்று வேடிக்கை பார்க்கும் ஆட்டத்துக்கு ஏன் இத்தனை பித்து என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கபடி பரவாயில்லை, ஆனால் அதற்கு உடம்பு வேண்டும். கேரம் ஆடினால் எனக்குத் தூக்கம் வரும். என் ஆட்டம் வாலிபால். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாதவனைப் பார்க்கலாம், வாலிபால் ஆடாதவனைப் பார்க்க முடியாது. வலையோரம் நின்று, அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. ஊர் பேசுவதெல்லாம் அடித்தவனைப் பற்றித்தான். ஆனால் தூக்கிக் கொடுப்பவன் ஒரு விரற்கடை தவறினால் எப்பேர்ப்பட்ட கையும் வலையில் போய் முட்டும். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

பிழைக்க வந்து தோல் பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தபோது பக்கத்து மேஜையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் சுடலைமுத்து. உடன்குடிக்காரர், ஆறடி உயரம். வாலிபால் ஆடுவீரா என்றுதான் முதல் நாளே கேட்டேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒதுக்கிச் சுத்தம் செய்தோம். பிறகு பன்னிரண்டு பேர் சேர்ந்தோம், எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வலை கட்டினால் பத்து மணிவரை அங்கே ஹிந்தி கிடையாது, முதலாளி கிடையாது. வாரம் முழுக்க யாருக்கோ ‘அண்ணா’வாக இருக்கிற நான் அந்த மூன்று மணி நேரம் என் சொந்தப் பெயரில் இருந்தேன். பதினோரு வருஷம் அப்படி ஆடினோம்.

சொசைட்டி கமிட்டியில் ஏழு பேர். தமிழர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். போன வருஷம், நாங்கள் வாலிபால் ஆடும் அந்த இடத்தில் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் மேலேயும் வலையடித்து, கிரிக்கெட் ஆடக் கூண்டு கட்டலாம் என்று பேச்சு வந்தது. டர்ஃப் என்கிறார்கள், மும்பை முழுக்க இப்போது அதுதான். காம்ளேயோடு சேர்த்து மூன்று பேர் வேண்டும் என்றார்கள். மூன்று பேர் சத்தம் தாங்காது, வேண்டாம் என்றார்கள். ஏழாவது ஆள் நான். முடிவெடுக்கும் கூட்டத்துக்குப் போகிற வழியில் காம்ளே என்னிடம், “தும் தோ அப்னே லோகோ கே சாத் ஹி ஜாயேகா, மாலூம் ஹை” என்றார். நீ உன் ஆட்களோடுதான் போவாய், தெரியும் என்று. அதில் கோபமில்லை, கேலிகூட இல்லை. ஜூனில் மழை வரும் என்பதுபோல் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. என் ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளைகள் பேசுவது இந்த ஊர் ஹிந்தி. இவர் நினைப்பது தப்பு என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று ரோஷம் வந்தது. கிரிக்கெட்டுக்குக் கை தூக்கினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, பதினோரு பேரை விட்டுவிட்டு அந்த ஒருவரிடம் நல்ல பேர் வாங்கி எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். மறுநாள் பட்டறையில் சுடலைமுத்து கத்தியைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

“நீரு கையத் தூக்குனீராமே. நெசமா வே?”

எல்லாருக்கும் பயன்படட்டும் என்று, அது இது என்று உளறினேன். அவர் தோலை வெட்டிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். சரி, காம்ளேயாவது மாறினாரா? அடுத்த வாரமே சென்னை தோற்றது. அதே தோள், அதே கை. உன் ஆட்கள் இப்படியா ஆடுவது என்றார். நான் யாருக்காகக் கை தூக்கினேன் என்பது அவருக்கு நினைவுகூட இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே கையால் இழந்த புத்திசாலி இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூண்டு எழும்பியபின் சுடலைமுத்துவும் மற்றவர்களும் நவி மும்பையில், கோபர்கைரனேயில் ஒரு மைதானம் பிடித்து ஆடுகிறார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கௌரவம் பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சயானில் ஏறி, குர்லாவில் மாறி, வாஷியில் மாறிப் போய் நின்றேன். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலையோரம் என் இடத்தில் ஒரு நாகர்கோவில்காரர் நின்றார். பந்தைச் சற்று உயரமாகத் தூக்கினார்; சுடலைமுத்து அதற்கும் பழகியிருந்தார். ஒருவர் தண்ணீர் பாட்டிலும் விசிலும் கொடுத்து, அம்பயராக நிற்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு அணியிலும் சேராமல் கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

கோட்டில் விழும் பந்துக்குச் சண்டை இல்லாமல் எங்களுக்கு ஒரு ஞாயிறும் போனதில்லை. கண்ணு அவிஞ்சா போச்சு என்று கேட்போம், சட்டையைப் பிடிப்போம், அடுத்த பந்தில் மறப்போம். அன்று நான் ஊதியதையெல்லாம் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சுடலைமுத்து எழும்பி அடித்த ஒரு பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. எல்லாரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். வேண்டுமென்றே வெளியே என்று ஊதினேன். வந்து வையட்டும், அடிக்கட்டும் என்று காத்து நின்றேன்.

சுடலைமுத்து பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.