கடல்வாயை அடைத்த சாடி

நான் ஓவியத்தை விட்டதற்குக் காரணம் கலைத்தாகம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில், துறைமுகத்தை எப்படி வரைந்தாலும் "போனில இதைவிட வடிவா எடுக்கலாமே" என்றார்கள். போனைக் கொண்டு சாடி செய்ய ஏலாது. கொழும்பில் ஒரு வாரம் மட்பாண்டப் பயிற்சி எடுத்துத் திரும்பியதும் முகநூலில் "இனி என் மொழி மண்" என்று எழுதினேன். லிங்கநகர் வீட்டில் குசினிக்குப் பின்னால் சின்ன மின்சூளை வந்தது. "என்ன மொழியெண்டாலும் காலைக் கழுவிப்போட்டு உள்ள வா" என்றார் அம்மா.

என் முதல் படைப்புகள் எல்லாம் வீட்டிலேயே வேலைக்கு அமர்ந்தன. ஒன்றில் கரண்டிகள், சாய்ந்து நின்ற ஒன்றில் உள்ளி. அப்போதுதான் என்னோடு படித்த, குடாவுக்கு அக்கரையில் மூதூரில் இருக்கும் நண்பன், புது வீட்டுக்குப் போகிற நேரம், கேட்டான்:

"மச்சான், ஹோலில வைக்க ஒரு பெரிய சாடி தா. குடாவைச் சுத்தி வரை. உன்ர வீடும் தெரியோணும், என்ர வீடும் தெரியோணும்."

அது அவனுடைய ஹோலில் நின்றால் நான் கலைஞன். அதற்குள் யாராவது குடையைச் செருகினால் பழையபடி கரண்டிக்காரன்.

எங்கள் வீட்டைக் கலைஞனின் உரிமையில் கரைக்கே இழுத்து வைத்துத் தொடங்கினேன். சீனக்குடா, கிண்ணியா என்று சுற்றி மூதூரில் முடித்து, மிச்ச இடத்தில் குடாவின் வாயைத் திறந்த கடலாக விடுவதாகத் திட்டம். ஓவியத்தில் இடம் போதாவிட்டால் சட்டகத்தின் மேல் பழி போடலாம். சாடி சுற்றிக்கொண்டே போகிறது. மலைகளிலும் தோணிகளிலும் ஆசைப்பட்டு இடத்தைத் தின்றுவிட்டேன். மூதூருக்கு வந்தபோது எதிரே எங்கள் வேலி நின்றது. அவன் வீட்டு மாமரம் அதில் முட்டியது. கடலுக்கு ஒரு விரல் இடம் இல்லை.

சூளைக்குள் நிறங்கள் மாறும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நிலமும் கொஞ்சம் நகரும் என்று நம்பினேனோ என்னவோ, அப்படியே சுட்டேன். நீலம் அருமையாக வந்தது. மூதூர் நகரவில்லை.

எடுத்துப்போக வந்த நண்பன் சாடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மாமரம் வேலியில் முட்டிய இடத்தில் நின்றான்.

"கப்பல் எங்கால வெளிய போறது?"

"அது ஒரு குறியீடு."

"ஓம், ஓம். இடம் காணேல்லையோ?"

"காணேல்லை. விட்டிட்டுப் போ, வேற ஒண்டு செய்து தாறன்."

"விசரா உனக்கு? இவ்வளவு காலமும் உன்னட்ட வர போட்டுக்கும் பஸ்ஸுக்கும் நிண்டனான். இனி உன்ர வேலியால குதிச்சா என்ர வீடு."

படகேறி, சாடியை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

பெருநாளுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். சாடி ஹோலில், வாசலுக்கு நேரே நின்றது. நான் பாடுபட்டு வரைந்த மலைகள் சுவரைப் பார்த்திருந்தன. வேலியும் மாமரமும் முட்டிய இடம் வருகிறவர்களை வரவேற்றது. மெல்லத் திருப்பினேன். வட்டிலப்பத் தட்டோடு வந்தவன் கண்டுவிட்டான்.

"கை வைக்காத மச்சான். வாற ஆக்கள் முதல் கேக்கிறதே அதைத்தான்."

திரும்பவும் பழையபடி வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் எடுக்கப் போனான். நான் சாடிக்குள் எட்டிப் பார்த்தேன்.

குடை இல்லை.