ஹோலி வரை தண்ணீர் இல்லை

பிப்ரவரி மாதத்துக் காலை. அலுவலகத்துக்குக் கிளம்பி ஸ்வெட்டருக்குள் ஒரு கையை நுழைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. சண்முகம் அண்ணாச்சி. "அவ போயிட்டாம்மா" என்றார். பிறகு, "மாடியில மிச்சம் இருக்க செடிக்கு இன்னிக்கும் தண்ணி ஊத்தப்பிடாது, அப்படித்தானே?" என்று கேட்டார். மனைவி இறந்த செய்தியைச் சொல்கிறவர் கேட்கிற கேள்வியா இது என்று யாருக்காவது தோன்றலாம். கோமதி அக்காவை அறிந்த உங்களுக்குத் தோன்றாது. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடிக்கு ஏறி, கள்ளிப்பூ பார்த்து, அவர் கையால் டீ குடித்துப் போனவர்கள்தானே நீங்கள் எல்லோரும்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த புதிது. கொடியில் போட்ட என் புடவை காற்றில் பறந்து அவருடைய தொட்டிகள் மேல் விழுந்து, எடுக்கப் போன என் கையெல்லாம் முள். வாசலில் நின்று கத்தினேன். முள்ளுச் செடி வைத்தால் வீட்டில் கலகம் வரும் என்று எதிர் வீட்டு சர்மா ஆன்ட்டியும் இந்தியில் ஒத்து ஊதினார். அக்கா உள்ளே போய் ஒரு சின்ன இடுக்கி எடுத்து வந்து, என் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். "ஏட்டி, முள்ளு உன்கிட்ட வரல. நீதான் முள்ளுகிட்ட போன" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ஏப்ரலில் ஒரு விடியலில் அவரே வந்து கதவைத் தட்டி என்னை மேலே இழுத்துக்கொண்டு போனார். கத்தரிக்காய் அளவு செடியின் விலாவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பூ. மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்றார். அன்று நான் அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. தீபாவளிக்குக் கடைசித் தண்ணீர். அதன் பிறகு ஹோலி மறுநாள் காலையில்தான் அடுத்தது. தில்லிக் குளிரில் கள்ளி தூங்கும், தூங்குகிறதன் வேருக்கு ஈரம் ஆகாது. ஜனவரியில் செடிகள் சுருங்கி, முகம் வற்றி, பார்க்கவே பாவமாக இருக்கும். ஒருமுறை மனம் கேட்காமல் சொம்பைத் தூக்கினேன். கையில் பட்டென்று ஒரு அடி. "பட்டினி கிடந்தாத்தான் பூக்கும். இரக்கப்பட்டியோ, செத்துரும்" என்றார். அண்ணாச்சி அந்தப் பக்கமே வரமாட்டார். மிலிட்டரி கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெயிலில் பேப்பர் படித்தபடி, "அடிச்சுப்புட்டாளா? எனக்குப் பழகிட்டு" என்பார்.

பெரிய வெள்ளைப் பூக் கள்ளியையும் சின்ன ஆரஞ்சுப் பூக் கள்ளியையும் அவர் கலந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டும் ஒரே நாளில் பூக்காது. ஆகவே முந்திப் பூத்ததன் மகரந்தத்தை ஹோமியோபதிக் குப்பியில் போட்டு, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். விதையிலிருந்து முளைத்தவற்றில் ஒன்று, பல வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, போன ஏப்ரலில் ஒரே ஒரு பூ விட்டது. பழுத்த பப்பாளியை வெட்டினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். இதழ் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஊதா. பப்பாளி என்றே பேர் வைத்தோம். "இதோட விதையப் போட்டா வேற என்னமோதான் வரும். பக்கத்துல குட்டியும் விடல. உலகத்துலயே இது ஒண்ணுதான் கேட்டியா. இது போச்சுன்னா அந்த நிறமே போச்சு" என்றார். பிள்ளையில்லாத வீடு அது. அந்த ஏப்ரலில் வந்தவர்களையெல்லாம் அவர் எப்படி வரவேற்றார் என்பதை நான் சொல்ல வேண்டாம்.

டிசம்பரில் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி. அதே சமயம் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நான் திருச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது பொங்கல் கழிந்து, தில்லி மூடுபனியில் கிடந்தது. பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடிக்கு ஏறினேன். எல்லாத் தொட்டியிலும் கள்ளிகள் கொழுகொழுவென்று, பளபளவென்று நின்றன. சுருங்கிக் கிடக்க வேண்டிய மாதத்தில். நடுவே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு அண்ணாச்சி, கையில் வாளி.

"பாத்தியாம்மா, ஒண்ணக்கூட வாட விடல. குளுருதுல்லா, அதான் வெந்நி வச்சு ஆத்தி ஊத்துதேன். அவ வாரப்ப எல்லாம் பச்சையா இருக்கணும்லா."

நான் பப்பாளியின் அடியைத் தொட்டேன். விரல் உள்ளே போயிற்று.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்வதா வேண்டாமா என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனது வீண். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "ஊத்திட்டாகளா?" என்றார். தலையாட்டினேன். "பப்பாளிக்கும்?" அதற்கும் தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அண்ணாச்சி மேல் வந்த ஆத்திரத்தை அங்கேயே கொட்டினேன். முப்பது வருடம் கூட இருந்த மனிதருக்கு இதுகூடவா தெரியாது என்றேன்.

"அவுகளுக்கு என்ன தெரியும். என்னைக் காப்பாத்த முடியல. அத எங்கயாவது ஊத்தணும்லா" என்றார். பிறகு குரல் மாறிற்று, மாடியில் பேசுகிற குரல். "கத்தியக் காய்ச்சு. அடியிலேருந்து வெட்டிக்கிட்டே போ. நடுவுல பழுப்புப் புள்ளி இருந்தா அழுகல், இன்னும் வெட்டு. வெள்ளையா வார வரைக்கும் நிறுத்தாத. எனக்கும் அப்படித்தான் வெட்டிப் பாத்தாக." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவுககிட்ட சொல்லிராத. பனியில போச்சுன்னு சொல்லு. நானும் அப்படியே சொல்லுதேன். நான் போன பிறகு இதையும் சுமக்கணுமா அவுக?"

மறுநாள் என் சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். மற்றவை போனால் போகட்டும், யாரிடமாவது கேட்டு வாங்கலாம். பப்பாளியை எங்கே போய்க் கேட்பது? ஒரு வில்லை வெட்டினேன், நடுவில் புள்ளி. கத்தியை அடுப்பில் காட்டித் துடைத்து இன்னொன்று. புள்ளி. இன்னொன்று. கைமுட்டி அளவு செடி எலுமிச்சை அளவாகி, பிறகு அதுவும் இல்லை. முருகா முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து மலை மந்திர் கோயில் முருகனுக்கு இதைவிட வேறு வேலை இல்லையா என்று எனக்கே தோன்றியது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் கட்டைவிரல் நுனி அளவு பச்சை மிஞ்சியது. அக்கா எப்போதோ ஒட்டுக் கட்டக் கொடுத்த மூன்று பட்டைக் கள்ளித் தண்டு என் ஜன்னலில் இருந்தது. அதன் தலையைச் சீவி, நுனியை அதன்மேல் வைத்து, ரப்பர் பேண்டால் அழுத்திக் கட்டினேன். ஜனவரியில் ஒட்டு பிடிக்காது என்று அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் கட்டினேன்.

"வெள்ளையா வந்துச்சா?" என்றார் அடுத்த முறை போனபோது. அப்போது குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"தெரியலக்கா. இனிமே வெட்டுறதுக்கு இடம் இல்ல."

"அப்ப சரி. கட்டியாச்சுல்லா? சும்மா சும்மா தொட்டுப் பாக்காத" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இதுதான். நான் அழுதேன். அவர் அழவில்லை.

ஹோலி மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். தெருவெல்லாம் சாயம். அக்கா அரசு வேலையில் இருந்ததால் குவார்ட்டர்ஸ் அவர் பேரில் இருந்தது. காலி செய்துவிட்டு தில்லியிலேயே துவாரகாவில் அவர்கள் வாங்கிப்போட்டிருந்த ஃப்ளாட்டுக்குப் போகிறார். அங்கே பால்கனி வடக்குப் பார்த்தது, வெயில் வராது. ஒட்டுக் கட்டிய பப்பாளி என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தார். ஜன்னலருகே நின்று அந்த நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பனியில போனா மேலேருந்துல்லா கருகும்" என்றார். "இது அடியிலேருந்து அழுகிச்சு."

"அண்ணாச்சி..." என்றேன்.

"முப்பது வருஷம் அவ பேசுனதக் கேட்டவன்லா. நீ தொட்டுப் பாத்து நான் வாளியக் கீழ வச்ச அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில அவ, பனியில போயிட்டு, விடுங்கன்னா. ஆமா, இந்த வருஷம் பனி ஜாஸ்தின்னேன். வேற என்னத்தச் சொல்ல? என் முகத்தப் பாத்து நிம்மதியாப் போகணும்னு நினைச்சா. போகட்டும்னு விட்டுட்டேன்."

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன். "எழுதும்மா. அவ பேருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது கட்டைவிரல் அளவு அந்தச் செடி நுனிதான். இடுக்கி இல்லை, தொட்டிகள் இல்லை. அந்த நுனி இன்றுவரை அழுகவும் இல்லை, வளரவும் இல்லை. அதற்குள் புள்ளி இருக்கிறதா என்று அறிய ஒரே வழி வெட்டிப் பார்ப்பது. வெட்டினால் நுனியே இருக்காது. பூக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பூத்தாலும் அந்த நிறத்தைப் பார்த்து மகிழ வேண்டியவர் இல்லை.

அன்று நான் அண்ணாச்சியிடம், "ஹோலி முடிஞ்சிருச்சு. முதல் தண்ணி நீங்கதான் ஊத்தணும்" என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் கை வேண்டாம்மா என்றார். நான் விடவில்லை, அக்காவிடம் கற்ற பிடிவாதம். கடைசியில் கையை நீட்டினார். தண்ணீரை அளந்து ஊற்ற ஒரு கரண்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

"வெந்நி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.