ஆளில்லாத வீட்டுக் கதவு

வளையல்களைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவர் கையில் திணித்துவிடுவார் கார்டு அக்கா. அவர் மேலாளரா, தரை துடைப்பவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. "கீழ வச்சிடாதீங்க, அப்புறம் நான் தேடிக்கிட்டுத் திரியணும்." இன்று அகப்பட்டவர் மருத்துவமனையின் ஸ்கேன் அறை நர்ஸ்.

சர்வர் எனும் பெரிய கணினிகளுக்குள் புதுக் கார்டு பொருத்துவது அக்காவின் பிழைப்பு. பெயரும் அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். இரும்புப் பெட்டியைத் தொட்டு, உடம்பில் தங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கார்டின் உறையைப் பிரிப்பார். அதன் தங்கநிறப் பல்வரிசையில் விரல் படவே படாது. "எங்க வீட்டுக்காரரக்கூட இவ்ளோ பதமா நடத்துனதில்ல" என்று சிரிப்பார். கை வேலை செய்ய, வாய் ஊர்க்கதை பேசும். இயந்திரம் ஓடியதும் வளையல்களைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, கலகலவென்று கிளம்பிவிடுவார்.

ஆனால் இன்றைய வேலை விளையாட்டல்ல. ஸ்கேன் படங்களை மேலே அனுப்பும் சர்வரில், அதோடு கூடவே வந்த நெட்வொர்க் இணைப்பு காலையில் செத்துப்போயிற்று. மேல்மாடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தலையில் கட்டியோடு படுத்திருக்கிறாள். ஸ்கேன் படம் அங்கே திரைக்கு வராமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டார்.

புது நெட்வொர்க் கார்டை அக்கா அழுத்தினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. கேபிளை மாட்டினார். மின்விசிறிகள் இரைந்தன. ஆனால் கார்டில் விளக்கு எரியவில்லை. அப்படி ஒரு கார்டு இருப்பதையே சர்வர் கண்டுகொள்ளவில்லை. அணைத்து, எடுத்து, மறுபடி அழுத்தினார். அதே கதைதான்.

"அக்கா, மேல கேக்கறாங்க. இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிடவா?" என்றார் நர்ஸ்.

அக்கா பேச்சை விட்டுவிட்டு, பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். அடுத்த நொடி நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"அட மக்கு! ஆளே இல்லாத வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

அந்தச் சர்வரில் மூளைபோல வேலை செய்யும் பிராசஸர்கள் இரண்டுக்கு இடம் உண்டு, ஒன்றுதான் இருந்தது. பிராசஸர் இல்லாமல் காலியாகக் கிடக்கும் இடத்தை நம்பியிருக்கும் துளையில் எதைச் செருகினாலும் உயிர் வராது. கேபிளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறதே என்று, பேச்சு சுவாரஸ்யத்தில், அக்கா அதில் போய்ச் செருகியிருந்தார்.

மின்கம்பியைப் பிடுங்கினார். பெட்டிக்குள்ளிருந்த மின்சுற்றுப் பலகையில், மிச்ச மின்சாரத்தில் ஒரு குட்டி விளக்கு இன்னும் மினுங்கியது.

"சீக்கிரம்கா!"

"இரும்மா. அது அணையாம கை வச்சா மொத்தமும் போயிடும்." சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

விளக்கு அணைந்தது. கார்டு பக்கத்துத் துளைக்கு மாறியது. மறுபடி இரைச்சல். திடீரென்று பச்சை விளக்கு கண்சிமிட்டியது.

"வந்துட்டான்! வந்துட்டான்டா என் ராசா!" அக்கா நின்ற இடத்திலேயே குதித்தார்.

தொலைபேசி அலறியது. எடுத்த நர்ஸின் முகம் மலர்ந்தது. "படம் வந்துடுச்சாம்கா! ஆரம்பிக்கறாங்களாம்!"

நர்ஸ் வளையல்களை நீட்டினார். அக்கா ஒன்றை எடுத்து மாட்டப் பார்த்தார். விரல்கள் வெடவெடத்தன, வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் குழந்தைபோல நர்ஸிடம் நீட்டினார்.